செத்தாப்பாக்கில் மாடிக் குடியிருப்பு, 120,000 ரிங்கிட்டுக்குள் மின்சார எஸ்யூவி: எதை வாங்குவது?

மூன்றாம் மாடி | 3 டிசம்பர் 2025, இரவு 9.40

வணக்கம். பல மாதங்களாக இந்த மன்றத்தில் வாசித்துவிட்டு ஓசையின்றிப் போகிறவன் நான். இன்றுதான் முதல் பதிவு.

எங்களிடம் பதின்மூன்று வயதான பெரோடுவா மைவி, சின்னக் கார், இருக்கிறது. குறை சொல்ல முடியாத வண்டி. ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அதில் சின்னவனுக்குக் குழந்தை இருக்கை, கூடவே முழங்கால் வலியோடு என் அம்மா. ஐந்து பேரும் ஏறினால் பின்னிருக்கையில் யாருடைய முழங்கை யாருடைய விலாவில் இருக்கிறது என்றே தெரிவதில்லை. பெரிய வண்டி வேண்டும். பட்ஜெட் 120,000 ரிங்கிட்.

ஓட்டம் இதுதான்: மனைவி ஆசிரியை. செத்தாப்பாக்கிலிருந்து ரவாங் பக்கம் உள்ள பள்ளிக்குத் தினமும் போய்வருகிறார். நான் வங்சா மாஜுவில் எல்ஆர்டி ரயில் ஏறிப் பெட்டாலிங் ஜெயா போகிறேன். ஆக, மாதம் 1,500 கிலோமீட்டர் வரும். ஆண்டில் நான்கைந்து முறை மனைவியின் ஊரான பட்டர்வொர்த்.

பார்த்துவைத்தவை புரோட்டோன் இ.மாஸ் 7, பிஒய்டி அட்டோ 3, அட்டோ 2. முந்தாநாள் பெரோடுவா கியூவி-இ அறிமுகமானதும் குழப்பம் கூடிவிட்டது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய சாகா | 3 டிசம்பர், இரவு 10.05

பெட்ரோல் வண்டி வாங்குங்கள். தலைப்பை மூடிவிடலாம்.


காஜாங் காற்று | 3 டிசம்பர், இரவு 10.31

சாகா ஐயா வந்துவிட்டார், இனி இழை களைகட்டும்.

தம்பி, நான் இ.மாஸ் 7 ஓட்டுகிறேன், பெரிய பேட்டரி உள்ள பிரீமியம் வகை. 2024 டிசம்பரில் அது வெளிவந்தபோது பிரைம் 109,800, பிரீமியம் 123,800 என்று விலை வைத்தார்கள். முன்பதிவு செய்த முதல் சிலருக்குக் கழிவும் இருந்தது. பிரைமில் 49.52 கிலோவாட் மணி பேட்டரி, டபிள்யூஎல்டிபி என்ற சோதனை அளவுப்படி ஒரு முழுச் சார்ஜில் 345 கிலோமீட்டர். பிரீமியத்தில் 60.22, 410 கிலோமீட்டர். இரண்டிலும் மோட்டார் ஒன்றே, 160 கிலோவாட். குடும்பம் ஓட்டுவதற்கு அது தேவைக்கு அதிகம். பச்சை விளக்கு விழுந்ததும் மிதித்துவிட்டுப் பின்னால் இருக்கும் பாட்டியிடம் திட்டு வாங்குவது உங்களுக்கும் நடக்கும்.

பின்னிருக்கைத் தரை சமமாக இருக்கிறது, நடுவில் மேடு இல்லை. மூன்று பேர் உட்காரும் வீட்டுக்கு மோட்டாரின் வலுவைவிட இதுதான் பெரிய செய்தி. நடுவில் உட்காருகிறவர் கால்களை அகற்றி வைக்க வேண்டியதில்லை. சாமான் பெட்டி 461 லிட்டர்.

நகருக்குள் நூறு கிலோமீட்டருக்கு 14, 15 யூனிட் (கிலோவாட் மணி) ஆகிறது. நெடுஞ்சாலையில் 110இல் போனால் 18, 19. அதையே 95இல் பிடித்தால் 16க்கு வந்துவிடும். கடற்கரைக் காற்றோ மலையோ இல்லாத பாதையில் சொல்கிறேன்.

இதையெல்லாம் விட முதலில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் தலைப்பைப் பார்த்தால் மாடி வீடு என்று தெரிகிறது. இரவில் வண்டியை எங்கே சொருகுவீர்கள்?


மூன்றாம் மாடி | 3 டிசம்பர், இரவு 10.48

அதற்குத்தான் பொது சார்ஜர்கள் இருக்கின்றனவே. எங்கள் குடியிருப்பில் வசதி இல்லை. பக்கத்துப் பேரங்காடியில் இரண்டு பார்த்தேன்.


கணக்குப்பிள்ளை | 3 டிசம்பர், இரவு 11.52

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன்.

இன்றைய நிலவரப்படி (டிசம்பர் 2025) மலேசியக் குடிமகனுக்கு பூடி95 என்ற அரசு மானியத் திட்டத்தில் ரோன்95 பெட்ரோல் ஒரு லிட்டர் 1.99 ரிங்கிட். செப்டம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது, மாதம் 300 லிட்டர்வரை. நடுத்தர பெட்ரோல் எஸ்யூவி நூறு கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,500 கிலோமீட்டருக்கு 112.5 லிட்டர். செலவு 224 ரிங்கிட்.

மின்சார வண்டி நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 16.5 என்று எடுங்கள். மாதம் 247 யூனிட். ஜூலை 1 முதல் வந்த புதிய கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55, வலையமைப்புக் கட்டணம் 12.85. கூட்டினால் 44.43 சென். 247 யூனிட்டுக்கு 110 ரிங்கிட்.

ஆக, வீட்டில் சார்ஜ் செய்தால் மாதம் 114 ரிங்கிட் மிச்சம். நல்லதுதான். ஆனால் அந்தக் காசில் யாரும் மாளிகை கட்டப்போவதில்லை.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். வேகமான டிசி (நேர்மின்) சார்ஜரில் யூனிட் 1.20 முதல் 1.60 ரிங்கிட் வரை வாங்குகிறார்கள். 1.40 என்று வைத்தால் அதே 1,500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 346 ரிங்கிட். பெட்ரோலைவிட 122 ரிங்கிட் அதிகம்! 110,000 ரிங்கிட்டுக்கு வண்டி வாங்கி, பேரங்காடியில் முக்கால் மணி நேரம் நின்று, பெட்ரோல்காரனைவிடக் கூடுதலாகக் கட்டுவதற்கு மின்சாரக் கார் எதற்கு?

இன்னும் இரண்டு சங்கதி, வீட்டில் சார்ஜ் செய்பவர்களுக்கும் சேர்த்து. மாதப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் பத்து ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணம் வரும், தாண்டிய யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் வரும். 1,000 யூனிட்டைத் தாண்டினால், குறைவாகப் பயன்படுத்துவோருக்குப் பில்லில் கழிக்கும் சிக்கன ஊக்கத்தொகை போய்விடும். ஏற்கெனவே மூன்று குளிர்சாதனங்கள் ஓடும் வீட்டில் கார் வந்து சேரும்போது இந்தக் கோடுகளைத் தாண்டுவது எளிது.


பழைய சாகா | 4 டிசம்பர், காலை 6.10

நான் சொன்னதையே ஐந்நூறு சொற்களில் சொல்லியிருக்கிறார். நன்றி.


மின்கம்பி | 4 டிசம்பர், மதியம் 1.20

கிள்ளானில் மின்வேலை செய்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணன் போட்ட கணக்கு சரி. நான் கம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வண்டியோடு கொடுக்கும் மூன்று முனைக் கம்பியைச் சுவரில் சொருகலாம். 2 கிலோவாட் சொச்சம் இழுக்கும். இரவு பத்து மணி நேரத்தில் 20 யூனிட் ஏறும். அது 120, 130 கிலோமீட்டர் ஓட்டம், உங்கள் மனைவியின் இரண்டு நாள் பள்ளிப் பயணம். பலருக்கு இதுவே போதும். ஆனால் நம் வீடுகளின் வெளிச்சுவர்ச் செருகி பெரும்பாலும் புல்வெட்டிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போட்டது. பத்து மணி நேரம் விடாமல் பத்து ஆம்பியர் இழுக்க அதைப் போடவில்லை. போன மாதம் ஒரு வீட்டில் நீட்டிப்புக் கம்பி வழியாகச் சொருகி, பிளக் உருகிச் செருகியோடு ஒட்டிக்கொண்டது. கத்தியால் வெட்டி எடுத்தேன்.

முறையாகச் செய்வதென்றால் விநியோகப் பெட்டியிலிருந்து தனி வழி இழுக்க வேண்டும். 7 கிலோவாட் சார்ஜர் பெட்டிக்கு 32 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக்கம்பி, தூரம் அதிகமானால் அதைவிடத் தடிப்பாக. மின்கசிவிலிருந்து காக்கும் கருவி நேர்மின் (டிசி) கசிவையும் உணர்வதாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டுக் கருவி அதை உணராது, வண்டியிலிருந்து வரும் நேர்மின் கசிவு அதைச் செயலிழக்கவும் வைத்துவிடலாம். வேலை செய்கிறவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு உள்ள பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் நீர்சூடேற்றி, அடுப்பு, இரண்டு குளிர்சாதனம், கார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் முதன்மை விசை விழும். சார்ஜரின் இழுப்பை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில் அந்த வசதி உண்டு.

மாடி வீட்டுக்கு: உங்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செருகி பொது மீட்டரில் ஓடுவது. அதில் சொருகினால் எல்லாருடைய பராமரிப்புக் காசிலும் கார் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். செய்யாதீர்கள்.


மூன்றாம் மாடி | 4 டிசம்பர், மாலை 6.45

நிர்வாக அலுவலகத்தில் இன்று கேட்டேன். "தீ அபாயம், முடியாது" என்று ஒரே வரி. அந்தப் பெண்மணி கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.


காஜாங் காற்று | 4 டிசம்பர், இரவு 8.02

அலுவலகத்தில் இருப்பவரிடம் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். முடிவெடுப்பது நிர்வாகக் குழு. அது 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் இயங்குவது, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படுவது. எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். தனி மீட்டர், செலவு உங்களுடையது, பதிவு பெற்றவர் கையெழுத்திட்ட வரைபடம் என்று மூன்றும் இருந்தால் பேச்சின் தொனி மாறும். தனியாகப் போகாமல் நான்கு வீடுகள் சேர்ந்து போங்கள். மின்சார வாகன நிறுத்துமிடங்களுக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 2023இலேயே திட்டமிடல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தீ பற்றிய கவலையை ஏளனம் செய்யாதீர்கள், அதற்குத் தீயணைப்புத் துறையின் நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது தரை வீடு என்பதால் இந்தத் தொல்லை இல்லை. சொல்வது எளிது, தெரியும்.


பாடம் கற்றவன் | 4 டிசம்பர், இரவு 9.15

மறுவிற்பனை விலை பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். மின்சார எஸ்யூவி இங்கே புதிதாக வந்த காலத்தில் ஒன்று வாங்கினேன். எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன், வண்டியில் குறையும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் அதே வண்டியின் புதுவிலையை இறக்கிவிட்டார்கள். என் பழைய வண்டியின் மதிப்பு அதனோடு சேர்ந்து கீழே போனது. ஒன்பது ஆண்டுக் கடனில் பாக்கி இருக்கும் தொகை இன்று வண்டியின் விலையைவிட அதிகம். பயனீட்டுக்கு வாங்கினேன், விற்கும் எண்ணமில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

ஆகவே முன்பணம் கூடுதலாகப் போடுங்கள். ஐந்தாறு ஆண்டில் விற்கும் எண்ணமிருந்தால் மின்சாரம் வேண்டாம். பத்தாண்டு வைத்திருப்பீர்கள் என்றால் கவலை வேண்டாம்.


கணக்குப்பிள்ளை | 4 டிசம்பர், இரவு 10.40

அண்ணன் சொன்ன கடனுக்கு ஓர் எண். 109,800 விலையில் பத்து விழுக்காடு முன்பணம், மீதிக்கு ஒன்பது ஆண்டு, 2.5 விழுக்காடு நிலைவட்டி (தொடக்கக் கடன் முழுமைக்கும் ஆண்டுதோறும்) என்று வைத்தால் மாதத் தவணை 1,121 ரிங்கிட். வட்டி மட்டும் மொத்தம் 22,000க்கு மேல். வீட்டில் சார்ஜ் செய்து மாதம் 114 மிச்சம் பிடித்தால் ஒன்பது ஆண்டில் 12,300. எரிபொருள் மிச்சம் வட்டியைக்கூட ஈடுகட்டாது. எந்தக் காரும் அப்படித்தான். ஆனால் "மின்சாரக் கார் தன் விலையைத் தானே கட்டிவிடும்" என்று விற்பனையாளர் சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

கியூவி-இ பற்றி: 80,000 ரிங்கிட் என்ற தலைப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பேட்டரி இல்லாத விலை. பேட்டரிக்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை, ஒன்பது ஆண்டுக்குக் கணக்கிட்டால் 29,700. இரண்டையும் கூட்டினால் இ.மாஸ் 7 பிரைமின் விலைக்கு நூறு ரிங்கிட்தான் வித்தியாசம். பேட்டரி பழுதானால் தலைவலி உங்களுடையதில்லை, அது அந்த ஏற்பாட்டின் பலம். அதன் 445 கிலோமீட்டர் என்இடிசி அளவு, தாராளமாகக் காட்டும் பழைய சோதனை. டபிள்யூஎல்டிபி எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு அது சிறிய வண்டியும்கூட.


பழைய சாகா | 5 டிசம்பர், காலை 5.55

சரி, நானும் கொஞ்சம் உருப்படியாகப் பேசுகிறேன். 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது என் தகப்பனார் தோட்டத்து நண்பர்கள் சிரித்தார்கள், உள்ளூர் வண்டி எத்தனை நாள் ஓடும் என்று. அவர் வாங்கினார். நான் அதில் ஓட்டப் பழகினேன். புதியது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை.

எனக்கு வெள்ளம்தான் பயம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் தங்கை வீட்டுக் கூரைமேல் இரண்டு இரவு இருந்தாள். கீழே நின்ற காரின் கூரைகூடத் தெரியவில்லை. பேட்டரி தரையில் இருக்கும் வண்டி தண்ணீரில் நின்றால் என்ன ஆகும்?


மின்கம்பி | 5 டிசம்பர், மதியம் 12.50

ஐயா, பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி மூடியது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் வைத்துச் சோதிக்கும் தரம் பெரும்பாலான வண்டிகளுக்கு உண்டு. முழங்கால் தண்ணீரைக் கடப்பதற்குத்தான் அது, இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பதற்கில்லை. மூழ்கி எழுந்த மின்சார வண்டியை யாரும் முடுக்கக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. பட்டறைக்கு இழுத்துப் போக வேண்டும். பெட்ரோல் வண்டியும் அப்படி மூழ்கினால் குப்பைதான்.

செய்ய வேண்டியது ஒன்று: காப்புறுதி எடுக்கும்போது வெள்ளத்துக்கான கூடுதல் காப்பைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். முழுக் காப்புறுதி என்ற பெயரைப் பார்த்து வெள்ளமும் அதில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். சேர்த்தால்தான் உண்டு.


பிறைக் கரை | 5 டிசம்பர், இரவு 8.30

பட்டர்வொர்த் என்ற சொல்லைப் பார்த்து வந்தேன். நான் பிறையில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை கோலாலம்பூர் ஓட்டம். என் வண்டியில் 60 கிலோவாட் மணி பேட்டரி.

தூரம் 350 கிலோமீட்டர். முழுச் சார்ஜில் கிளம்பி 110இல் போனால் ஓரிடத்திலும் நிற்காமல் வந்துசேர முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு லாரிக்குப் பின்னால் வந்தவர். ஒருமுறை நிற்க வேண்டும். நான் சிம்பாங் பூலாய் பக்கம் நிற்பேன். நாற்பது சொச்சம் விழுக்காடு மிச்சமிருக்கும், எண்பதுவரை ஏற்றுவேன், இருபது நிமிடம். கழிவறை, ஒரு தேநீர், பிள்ளைகளுக்கு ஒரு வடை. அதற்குள் போதும். எண்பதுக்கு மேல் ஏற்றம் மந்தமாகிவிடும், பின்னால் நிற்பவர் முறைப்பார்.

வடக்கே வரும்போது ஈப்போ தாண்டியதும் மெனோரா ஏற்றம். விழுக்காடு கண்ணெதிரே சரியும். முதல்முறை என் கை வியர்த்தது. இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். அந்தப் பக்கம் போய்த்தான் மூச்சு விடலாம்.

இதெல்லாம் சாதாரண நாளில். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 18, சனிக்கிழமை, ஓர் ஓய்வுத்தலத்தில் நான்கு சார்ஜரில் ஒன்று இருட்டாக நின்றது, இன்னொன்று செயலியில் இணையவில்லை. எனக்கு முன்னால் மூன்று வண்டிகள். ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருப்பு, அப்புறம்தான் சார்ஜ். பிள்ளை அழுகை, முறுக்கு டப்பா பாதி காலி. 2025க்குள் பத்தாயிரம் பொதுச் சார்ஜர் என்பது நாட்டின் இலக்கு. அதை எட்டவில்லை என்பதை அந்த வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது பெருநாள் பயணத்தை அதிகாலை நான்கு மணிக்கு வைத்துக்கொள்கிறேன், இரண்டு நிறுவனங்களின் செயலியில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிறேன்.

பிரைம், அட்டோ 2 போன்ற சின்னப் பேட்டரி என்றால் நிறுத்தம் இரண்டாகலாம். ஆண்டில் நான்கு முறைக்காகப் பெரிய பேட்டரி வாங்குவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. மாமியார் வீட்டில் மூன்று முனைச் செருகி நல்ல நிலையில் இருக்கிறதா என்று மின்கம்பி தம்பி சொன்னபடி பார்த்துவிடுங்கள்.


மூன்றாம் மாடி | 6 டிசம்பர், காலை 10.15

நேற்று ஒரு காட்சியறைக்குப் போனேன். "வரிவிலக்கு டிசம்பர் 31 முடிகிறது, இன்றே கையெழுத்திட வேண்டும்" என்று நெருக்குகிறார் விற்பனையாளர். உண்மையா?


காஜாங் காற்று | 6 டிசம்பர், காலை 11.00

பாதி உண்மை. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி, கலால் வரிவிலக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. உள்நாட்டில் பொருத்தப்படும் வண்டிகளுக்கு 2027 முடியும்வரை உண்டு. இ.மாஸ் 7க்காகத் தஞ்சோங் மாலிமில் இந்தச் செப்டம்பரில் ஆலை திறந்துவிட்டார்கள். ஆகவே எந்த வண்டி, எங்கே பொருத்தியது என்று கேளுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் கையெழுத்திடும் பழக்கம் எனக்கு இல்லை.

சாலை வரியும் ஜனவரி 1 முதல் கட்ட வேண்டும். மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்த புதிய அட்டவணை, முன்பு வைத்திருந்ததைவிடக் குறைவு. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.


மூன்றாம் மாடி | 7 டிசம்பர், மாலை 4.20

இது என் கணவரின் மன்றக் கணக்கு, எழுதுவது அவர் மனைவி. நான்கு நாளாக ஆண்கள் எல்லாரும் விழுக்காடும் சென்னுமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தினமும் ஓட்டப்போகிறவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறைக் கரை அக்காவுக்கு மட்டும் நன்றி.

நேற்றும் இன்றும் மூன்று வண்டிகளைப் பார்த்தோம். என் கைப்பையில் பள்ளி அளவுநாடா இருந்தது. எங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு பக்கம் தூண். இ.மாஸ் 7இன் அகலம் 1,901 மில்லிமீட்டர், அட்டோ 3க்கு 1,875, அட்டோ 2க்கு 1,830. காகிதத்தில் ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். தூணுக்கும் கதவுக்கும் நடுவே பிள்ளையைத் தூக்கிக் குழந்தை இருக்கையில் வைத்து வார் மாட்டுகிறவளுக்கு அந்த ஏழு சென்டிமீட்டர் ஒரு கை. ஆனால் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக நிறுத்தினால் தூண் ஓட்டுநர் பக்கத்தின் முன்கதவுக்கு நேராக வந்துவிடுகிறது, பின்கதவு முழுதாகத் திறக்கிறது. நான் மெலிந்தவள், நுழைந்துவிடுவேன்.

அத்தையை மூன்றிலும் ஏறி இறங்கச் சொன்னேன். மைவியில் அவர் விழுவதுபோல் உட்காருவார், எழும்போது கதவைப் பிடித்துத் தொங்குவார். இந்த மூன்றிலும் இருக்கை இடுப்புயரத்தில் இருப்பதால் பின்புறமாகச் சாய்ந்தாலே அமர்ந்துவிடுகிறார். பின்னிருக்கையில் தரை கொஞ்சம் உயரம், தொடை முழுதாக இருக்கையில் படியவில்லை. ரவாங் போவதற்குள் தெரியாது, பட்டர்வொர்த் போனால் தெரியும். இ.மாஸ் 7இல் அவர் கால் நீட்டிக்கொண்டார். அட்டோ 2 எனக்கு ஓட்டப் பிடித்தது, 4.31 மீட்டர்தான் நீளம், பள்ளிச் சந்தில் திருப்புவதற்குச் சுகம். ஆனால் குழந்தை இருக்கைக்கும் பெரியவளுக்கும் நடுவில் அத்தை உட்கார்ந்தபோது மைவி நினைவு வந்தது.

சார்ஜ் விஷயம். என் அக்கா வீடு செலாயாங்கில், ரவாங்கிலிருந்து திரும்பும் வழி. தரை வீடு. செவ்வாய், வியாழன் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவிலேயே டியூஷன், இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை மதியம் எல்லாரும் அங்கேதான் சாப்பாடு. அங்கே ஒரு 7 கிலோவாட் பெட்டி வைத்தால் என்ன என்று அவரிடம் கேட்டேன். அவர் பேரங்காடியையே பேசிக்கொண்டிருந்தார்.


கணக்குப்பிள்ளை | 7 டிசம்பர், மாலை 5.05

தங்கைக்கு வணக்கம். இரண்டரை மணி நேரம் இரண்டு நாள், சனிக்கிழமை நான்கு மணி நேரம். மொத்தம் ஒன்பது மணி நேரம், 63 யூனிட். உங்களுக்கு வாரம் 350 கிலோமீட்டருக்குத் தேவை 57, 58. பொருந்துகிறது! நான்கு நாளாக இத்தனை எண் போட்டவனுக்கு இது தோன்றவில்லை.

ஒரு குறிப்பு: அக்கா நேரவாரிக் கட்டணத்துக்கு மாற வேண்டாம். அதில் வேலைநாள் மதியம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம், யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும் 28.52 சென் (சாதாரணக் கட்டணத்தில் 27.03), மற்ற நேரம் 24.43. உங்கள் டியூஷன் நேரம் சரியாக உச்சத்தில் விழுகிறது. அக்கா வீட்டின் மாலைக் குளிர்சாதனமும் அதில்தான். இரவில் சொருகுகிறவர்களுக்குத்தான் அது லாபம்.


மின்கம்பி | 7 டிசம்பர், மாலை 5.40

சார்ஜருக்கு முன்னால் ஒரு துணை மீட்டர் போடச் சொல்லுங்கள். செலவு சொற்பம். எத்தனை யூனிட் என்று எண் தெரிந்தால் அக்கா தங்கை நடுவில் பேச்சு வராது. எதிர்காலத்தில் அக்கா வீட்டுக்கே மின்சார வண்டி வரலாம், கம்பியைத் தடிப்பாகவே இழுங்கள்.


பழைய சாகா | 7 டிசம்பர், இரவு 7.30

அக்கா வீட்டுக்காரர் சம்மதித்தாரா?


மூன்றாம் மாடி | 9 டிசம்பர், இரவு 9.50

நான்தான், கணவன்.

சம்மதித்துவிட்டார்கள். யூனிட் கணக்குக்கு மாதாமாதம் பணம், பெட்டியும் கம்பியும் எங்கள் செலவு. இ.மாஸ் 7 பிரீமியத்துக்குப் பட்ஜெட்டைச் சற்றுத் தாண்டுகிறோம், பட்டர்வொர்த் வரிசையை நினைத்து மனைவி பெரிய பேட்டரியே வேண்டும் என்றுவிட்டார். மைவியை விற்ற காசு முன்பணத்தில் சேரும். குடியிருப்பில் இதுவரை ஏழு வீடுகள் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன, அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கிறோம்.

மனைவியின் அக்கா வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிப்ரவரி 1 தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வழியில் அவர்கள் தாமான்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். வண்டியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறார். விளக்கு, ஒலிபெருக்கி, பானகம் கலக்கும் இயந்திரம் மூன்றுக்கும் அன்று இரவு முழுக்க எங்கள் கார் நிற்க வேண்டுமாம். வண்டி வெளியே கொடுக்கும் 3.3 கிலோவாட் தாங்குமா, மின்கம்பி?


மின்கம்பி | 9 டிசம்பர், இரவு 10.12

தாங்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தை மட்டும் அதில் சொருக விடாதீர்கள்.